பிள்ளையாருக்குப் பின்னால் இருந்த சாவி

மலிவான போல்ட் துவக்கைப் பற்றி என்னிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் பிறகு வருந்துவார்கள். எங்கள் பல்கலைக்கழகத் துப்பாக்கி சுடும் கழகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பு எடுப்பது நான்தான். ஒரு துவக்கை மேசையில் வைத்துவிட்டுத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது எனக்கு. போல்ட்டைப் பின்னுக்கு இழு, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே விழும். முன்னுக்குத் தள்ளு, அடுத்தது உள்ளே போகும். கைப்பிடியைக் கீழே மடி, பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். பழுதாவதற்கு அதிகம் பாகமில்லை. ஒவ்வொரு முறையும் உன் கை வேலை செய்ய வேண்டியிருப்பதால் அவசரப்படவும் முடியாது. மலிவானதில்கூடக் குழல் நன்றாகவே இருக்கும். செய்கிறவர்கள் கஞ்சத்தனம் பிடிப்பது பிடிக்கிற மரக்கட்டையிலும் சுடுகிற விசையிலும்தான்.

இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று யாராவது கேட்பார்கள். லண்டன் செவன் கிங்ஸில், எங்கள் வீட்டுக் குசினி மேசையில் என்பேன். சிரிப்பார்கள். மிச்சத்தைச் சொல்வதில்லை.

அப்பா லண்டனுக்கு நேரே வந்தவரல்லர். இருபதுகளை சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக்கிராமத்தில், உணவகத்தில் சட்டி கழுவிக் கழித்தவர். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் துவக்குச் சுடும் நாளாம். பாதிரியார், தபால்காரர், மாட்டுப்பண்ணைக்காரர் எல்லாரும் புல்லில் குப்புறப் படுத்துத் தாளில் வரைந்த வட்டத்தைச் சுடுவார்கள். பிறகு சொசேஜ் சுட்டுத் தின்பார்கள். முதலாளி ஒருநாள் அப்பாவையும் கூட்டிப் போயிருக்கிறார். துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் அப்பாவின் மனதில் எழுந்தது அந்தப் புல்வெளிதான். தாள், சொசேஜ், பெயரைத் தப்பாக உச்சரித்தாலும் தோளில் தட்டிக் கூப்பிடுகிற மனிதர்கள்.

அம்மா கலியாணத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்தவர். அங்கே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஆகவே எங்கள் வீட்டில் ஜெர்மன் அப்பாவுடையது, ஆங்கிலம் அம்மாவுடையது. கவுன்சிலோடும் டாக்டரோடும் கதைப்பது எப்போதும் அம்மாதான்.

எனக்குப் பத்து வயதானபோது அப்பா எசெக்ஸ் பக்கம் ஒரு கழகத்தில் சேர்ந்தார். சொந்தமாகத் துவக்கு வாங்க லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைக்குள் இரும்பு அலுமாரி ஒன்றைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கினார். அதைப் பார்க்கக் காவல்துறையிலிருந்து ஓர் அலுவலர் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, அம்மா கொடுத்த வடையைத் தின்று, அலுமாரியை உலுப்பிப் பார்த்து, நிதானமாக ஏதோ சொன்னார். அம்மா தமிழில் சொன்னார்.

“சாவி இருக்கிற இடம் உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியக் கூடாதாம். பெண்சாதி பிள்ளைக்கும்தானாம். தெரிஞ்சால் லைசென்ஸ் போயிடுமாம்.”

“நீர் என்ன, எடுத்துச் சுடவே போறீர்?” என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. “அவர் சொன்னதைச் சொல்லுறன். விளங்கினதோ எண்டும் கேக்கிறார்.”

“ஓம், ஓம். விளங்கினது எண்டு சொல்லும்.”

அப்பா எங்கள் இருவரையும் கடைக்கு அனுப்பிவிட்டுச் சாவியை ஒளித்தார். எங்கே தெரியுமா? சாமித் தட்டில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா ஒவ்வொரு படமாக இறக்கித் துடைத்துப் பொட்டு வைக்கிற தட்டு அது. வேறு ஒருவரும் அதில் கைவைக்க மாட்டார்கள் என்று அப்பா யோசித்திருக்கிறார். அம்மாவை அவர் அந்த ‘ஒருவரில்’ சேர்க்கவில்லை. முதல் வெள்ளியே அம்மாவின் விரலில் சாவி பட்டது. நான் பக்கத்தில் பூவோடு நின்றேன். அம்மா அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

அந்தத் தட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சின்ன மாமாவின் படம் தொங்கியது. அம்மாவின் தம்பி, நான் பிறக்க முதலே இறந்துபோனவர். வெள்ளைச் சட்டை, வாரி இழுத்த தலை, இடது தோளில் ஒரு வார். வார் எங்கே போகிறது என்று தெரியாதபடி படத்தை நெஞ்சுக்குச் சற்றுக் கீழே வெட்டிச் சட்டம் போட்டிருந்தார்கள். எப்படி இறந்தார் என்று கேட்டால் பெரியவர்களுக்கு உடனே குசினியில் வேலை வந்துவிடும்.

துவக்கு வந்தது. கிழக்கு ஐரோப்பாவில் எங்கேயோ செய்த, ஒரு விவசாயியிடமிருந்து கைமாறி வந்த, சின்னத் தோட்டா போடுகிற பழைய பாயிண்ட் டூ-டூ. கழகத்தில் அதைப் பார்த்துச் சிரித்தார்களாம். வெயில் நாளில் நடுவில் அடிக்கும். மழை நாளில் வலப்பக்கம் விலகும். மரம் ஈரத்தில் ஊதிக் குழலைத் தள்ளுவதுதான் காரணம். லண்டனில் மரம் காய்கிற நாள் எது? அப்பா நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்துக் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் நுழைத்தார். நல்ல நேரம் வரை போய் நின்றது. இராகு காலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “இஞ்சைதான் முட்டுது” என்றார். என் பள்ளிக்கூட ரெக்கோடர் புல்லாங்குழலில் மண்கடதாசியைச் சுற்றி, மரத்தின் பள்ளத்தை உரஞ்சத் தொடங்கினார். என் இசை ஆர்வம் அத்தோடு முடிந்தது. ஒருவருக்கும் நட்டமில்லை.

இரண்டு கிழமையில் தாள் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த மழைக்கு மறுபடி இறுகியது. உரஞ்சிய வெறும் மரத்துக்கு எண்ணெய் பூசாமல் விட்டால் அது முன்னையைவிட அதிகம் ஈரம் குடிக்கும் என்று இன்று நான் வகுப்பில் சொல்கிறேன். அன்று அப்பா ஜெர்மன் மொழியில் திட்டினார். திரும்ப உரஞ்சினார், எண்ணெய் பூசினார். கன்னம் வைக்கிற இடம் பதிந்து தாழ்வாக இருந்தது. அம்மாவின் முதுகுப் பயிற்சிப் பாயில் ஒரு துண்டை வெட்டி வைத்துப் பண்டேஜ் சுற்றினார். விசை கைபிரேக் மாதிரிக் கனம். அதை மட்டும் அவர் தொடவில்லை. “உது வீட்டிலை தொடுற சாமான் இல்லைப் பிள்ளை” என்று கழகத்துத் துவக்குத் திருத்துநரிடம் கொடுத்தார். அந்த ஒரு புத்தியாவது இருந்தது.

கடைசியாக வார். குப்புறப் படுத்துச் சுடும்போது கையையும் துவக்கையும் இறுக்கிப் பிடிக்க ஒரு வார் வேண்டும். என் பழைய புத்தகப்பையின் வாரை வெட்டி, அம்மாவின் தையல் மெசினில் தானே தைத்தார். ஹாலில் எழுந்து நின்று துவக்கைத் தோளில் மாட்டிப் பார்த்தார். அம்மா தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்றார்.

“அது பிள்ளையின்ர பாக் வார்தானே?”

“ஓம். நல்ல பலம்.”

“வேறை வார் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?”

“இதுக்கென்ன குறை? பாரும், அளவாய் நிக்குது.”

அம்மா திரும்பிப் போய்த் தேத்தண்ணியைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். “எனக்கு உது வீட்டுக்கை இருக்கிறது ஏலாது” என்று குசினியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “ஒரு அலுமாரி பிடிக்கிற இடம்தானே” என்றார் அப்பா. இடப் பிரச்சினை என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் அப்பாவைக் குளிர்காலப் போட்டி அணிக்கு எடுத்தார்கள். சிரித்தவர்களே எடுத்தார்கள். கழகத்தின் பச்சை ஜம்பர் ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அப்பா கடைக்குப் பாண் வாங்கக்கூடப் போனார். பதினைந்து வருடமாகக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிற மனிதர், முதல் தடவையாக ஒரு பட்டியலில் தன் பெயரைப் பார்க்கிறார். போட்டிக்கு நானும் வரலாம் என்றார். ஆடிக்கொண்டே திரிந்தேன்.

நவராத்திரியின் கடைசி நாள் வந்தது. சரஸ்வதி பூசைக்கு அவரவர் தொழிற்சாமானை அடுக்கிப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். என் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெசின், அப்பாவின் சுத்தியலும் குறடும். அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். தோர்ண்டன் ஹீத்திலிருந்து பெரிய மாமா வந்திருந்தார். அம்மாவின் அண்ணர், வீடு வீடாகக் குசினி அலுமாரி பொருத்துகிறவர். தன் ட்ரில் மெசினைச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டு, அடுக்கை ஒரு பார்வை பார்த்தார்.

“எங்கையடி மச்சானின்ர ஆயுதம்? ஆயுத பூசையிலை ஆயுதத்தைத் தவிர மற்றதெல்லாம் கிடக்குது!”

“சும்மா இருங்கோ அண்ணை.”

“போட்டியிலை வெல்ல வேண்டாமோ மனுசன்? சரஸ்வதி கோவிச்சால் குண்டு வளைஞ்செல்லோ போகும். என்ன மருமோள்?”

நான் கைதட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் சரஸ்வதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளையாரை நகர்த்திச் சாவியை எடுத்தார். துவக்கைத் தானே கொண்டுவந்து ட்ரில் மெசினுக்குப் பக்கத்தில் கிடத்தினார். போல்ட்டின் குமிழில் மாமா சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், செவ்வந்தி மாலையை எடுத்துக் குழலில் சுற்றினார். படம் எடுத்தார். பூசை முடிந்தது. அவல் தின்றோம். துவக்கு பழையபடி அலுமாரிக்குப் போனது.

படம் மட்டும் போகவில்லை. ‘எங்கள் வீட்டு ஆயுத பூசை’ என்று மாமா அதைப் பேஸ்புக்கில் போட்டிருந்தார். மாலை போட்ட துவக்கு, பின்னால் தீபம். தமிழனும் துவக்கும் மாலையும் ஒரே படத்தில் இருந்தால் அதைப் பார்க்கிறவர்கள் என்னவெல்லாம் காண்பார்கள் என்று குசினி பொருத்துகிறவர் யோசிக்கவில்லை. யார் யாரோ வீர வசனம் எழுதினார்கள். யாரோ ஒருவர் காவல்துறைக்கு அறிவித்தார்.

வடை தின்ற அதே அலுவலர் வந்தார். கூட இன்னும் இருவர். இம்முறை சப்பாத்தைக் கழற்றவில்லை. படத்தைக் காட்டி, துவக்கை வெளியே எடுத்தது யார் என்று கேட்டார். அப்பா பச்சை ஜம்பரோடு நின்றார்.

“நான்,” என்றார் அப்பா, உடைந்த ஆங்கிலத்தில். “நான் எடுத்தேன். சாமி கும்பிட்டோம். நானே திரும்ப வைத்தேன்.”

அலுவலர் தலையாட்டினார். ஏதோ எழுதினார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் முடிந்துதான் இருந்தது; அவருக்கும் அது போதும் போலத்தான் தெரிந்தது. அப்போது அம்மா பேசினார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அதே ஆங்கிலம், ஒரு சொல் தடுமாறவில்லை. “அவர் அந்த நேரம் வேலையில் இருந்தார். நான்தான் எடுத்தேன். சாவி பிள்ளையாருக்குப் பின்னால் இருக்கிறது. முதல் கிழமையிலிருந்தே எனக்குத் தெரியும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

துவக்கை ஒரு நீளமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். குங்குமம் போல்ட்டில் அப்படியே இருந்தது. லைசென்ஸ் ரத்தானது, அப்பா பொய் சொன்னதும் சேர்ந்துகொண்டது. கழகம் மரியாதையாக ஜம்பரைத் திரும்பக் கேட்டது. அம்மா அதைத் தோய்த்து, ஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

“சட்டம் தெரியாமல் உண்மையைச் சொல்லிப்போட்டாள்” என்பது குடும்பத்தின் தீர்ப்பு. மாமா தன் பேஸ்புக்கை வசதியாக மறந்துவிட்டு, ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொல்லுவார்: “என்ர தங்கச்சி அரிச்சந்திரன்ர பேத்தியெல்லோ!” எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சோபாவில் படுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டக் கற்றுக்கொண்டார். எனக்கு அம்மாவில் கோபம். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கக் கூடாதா? இவ்வளவு படித்தும் இவ்வளவு பேதையா? பதின்வயது முழுக்க அந்தக் கோபத்தை வளர்த்தேன். பின்னாளில் பல்கலைக்கழகத் துவக்குக் கழகத்தில் சேர்ந்ததற்கும் அதில் பங்கிருக்கலாம்.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை. அம்மா படங்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீ சுடுற துவக்கை எங்கை வைக்கிறனி?”

“கழகத்திலைதான் அம்மா. அங்கையே பூட்டி வைப்பினம்.”

“வீட்டை கொண்டு வரமாட்டாய்தானே?”

“இல்லை.”

“சரி. இதைப் பிடி” என்று சின்ன மாமாவின் படத்தை என் கையில் தந்தார்.

அவ்வளவு கிட்டத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. தோளிலிருந்த வார் தடித்த கன்வஸ். படத்தை வெட்டிய ஓரத்தில் ஓர் இரும்பு வளையத்தின் பாதி மினுங்கியது. அந்த வளையத்தை நான் புதியவர்களுக்குக் காட்டுவதுண்டு. வாரையும் துவக்கின் மரக்கட்டையையும் இணைக்கிற வளையம். எந்தப் புத்தகப்பையிலும் அது இராது.

கையில் படத்தோடு நிற்கும்போதுதான் மற்றதும் நினைவு வந்தது. அம்மாவுக்குச் சட்டம் தெரியாது என்று எல்லாரும் சொன்னார்கள். ‘தெரிஞ்சால் லைசென்ஸ் போயிடுமாம்’ என்று அலுமாரியடியில் நின்று அப்பாவுக்குத் தமிழில் சொன்னதே அம்மாதான். விளங்கினதோ என்று கேட்டதும் அம்மாதான்.

அம்மா படத்தை வாங்கி, கண்ணாடியை இன்னொரு முறை துடைத்து, ஆணியில் மாட்டி, சாயாமல் நிற்கிறதா என்று பார்த்தார். சின்ன வயதில் சாப்பாட்டு மேசையிலிருந்து நான் அந்தப் படத்தைப் பார்ப்பதுண்டு. தோளில் புத்தகப்பை தொங்குகிறது, சின்ன மாமாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, அதுதான் முகத்தில் இத்தனை அவசரம் என்று நினைத்துக்கொள்வேன்.