மூன்றாம் ஓலை

எங்கள் கோயிலில் கலியாண ஓலை வாசித்து முடித்ததும் ஒரு மௌனம் வரும். ஓலை என்பது பேச்சுக்குத்தான், இப்போது வெறும் காகிதம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் ஐயர் வாசிப்பார். பாளையங்கோட்டைப் பக்கம் நாங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒருமுறை பார்ப்பார். அந்த நேரத்தில் விசிறிகளின் சத்தம் பெரிதாகக் கேட்கும். சாயக் கண்ணாடி வழியாக விழுகிற வெளிச்சம் யாருடைய வெள்ளைச் சேலையிலாவது நீலமும் சிவப்புமாகக் கிடக்கும். நான் சின்னப் பிள்ளையாக அத்தையின் மடியில் தலைவைத்துப் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். அப்போதெல்லாம் பெண்களுக்குப் பெஞ்சு கிடையாது, பத்தமடைப் பாய்தான். என் கண்ணுக்குப் பக்கத்தில் அத்தையின் விரல்கள் பாயின் ஓரத்துக் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருக்கும். ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போனதும் விரல்கள் நின்றுவிடும். அந்தத் தூணடிப் பாய் மட்டும் ஏன் இப்படிப் பிய்கிறது என்று கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவர் வருஷா வருஷம் எலியைத் திட்டுவார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. அவள் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்திருப்பவர் பாட்டு டீச்சர். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே விடுதி, ஒரே பாடகர் குழு. ஒருத்தி வரத் தாமதமானால் இன்னொருத்தி கைப்பையைப் பாயில் வைத்து இடம் பிடித்திருப்பாள். அத்தைக்கு வீட்டுக்காரர், இரண்டு பையன்கள், வண்ணார்பேட்டையில் வீடு எல்லாம் உண்டு. பாட்டு டீச்சர் தனி ஆள். சபையில் எந்தக் கலியாணம் என்றாலும் ஆர்மோனியத்தில் உட்கார்ந்து மணப்பெண்ணை உள்ளே அழைத்து வருகிறவர் அவர்தான். அவருக்கு ஏன் கலியாணம் ஆகவில்லை என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "உங்க அத்தைகிட்ட போய்க் கேளு" என்றாள். பிறகு அவளே சொன்னாள்.

பாட்டு டீச்சருக்கும் ஒருமுறை ஓலை வாசித்தார்கள். அந்த மாப்பிள்ளை முதலில் அத்தைக்குப் பேசின பையன். பெண் பார்க்க வந்தவர்கள் இவள் நிறம் கொஞ்சம் மட்டு என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு இவளுக்குத் தலைபின்னிவிட வந்திருந்த தோழியைக் கேட்டுப் போய்விட்டார்கள். அத்தை சிரித்துக்கொண்டேதான் இருந்தாளாம். கலியாணச் சேலை எடுக்கக்கூடத் தோழியோடு போனாளாம். முதல் ஓலை போயிற்று, இரண்டாம் ஓலை போயிற்று. மூன்றாம் ஓலை வாசித்து ஐயர் நிமிர்ந்த நேரத்தில் அத்தை எழுந்து நின்றாள். "தடை இருக்கு ஐயா. அவளுக்கு வலிப்பு உண்டு. ஆஸ்டல்ல நான் கண்ணால பாத்தேன்" என்றாள். அவள் பார்த்தது, ஒரு பெரிய வெள்ளிக்கிழமை உபவாசத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்ற தோழி மயங்கி விழுந்ததைத்தான். மயக்கம் வலிப்பாக மாற ஒரு மூச்சு போதுமானதாக இருந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள்.

அத்தை அந்த வாரம் முழுக்கச் சோறு தின்னவில்லை. சனிக்கிழமை ஐயர் வீட்டுக்கு ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். மறுநாள் அதே கோயிலில் எழுந்து நின்று, நான் சொன்னது பொய் என்று எல்லார் முன்பாகவும் சொன்னாள். உயிர்த்தெழுந்த பண்டிகை வரைக்கும் அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் இல்லை என்று ஐயர் நிறுத்திவைத்தார். பண்டிகையன்று அவளைத் திருவிருந்துக்குக் கைபிடித்து அழைத்துப் போனவர் பாட்டு டீச்சர்தான். எல்லாம் சரியாயிற்று, மாப்பிள்ளையைத் தவிர. வலிப்பு இல்லை என்றே இருக்கட்டும், ஆனால் கோயிலில் வைத்துப் பேர் அடிபட்ட பெண் நமக்கு எதற்கு என்று அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் காதுக்கும் வலிப்பு என்ற சொல் முதலில் போய்ச் சேர்ந்தது, பொய் என்ற சொல் போகவே இல்லை. கெட்ட செய்திக்குக் கால் நீளம் என்று அம்மா முடித்தாள்.

இதைக் கேட்ட பிறகு நான் அத்தையைக் கவனிக்க ஆரம்பித்தேன். பாவத்தின் சம்பளம் மரணம் என்று ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்கு ராகம் போட்டு மனப்பாடம் செய்வித்திருந்தார்கள். சம்பளம் என்றைக்காவது வந்துதானே தீர வேண்டும். ஐப்பசியில் இடி இடித்தால் மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள், நான் அத்தையைப் பார்ப்பேன். இடி விழவில்லை. அவள் வீட்டில் மாடிதான் எழும்பியது. மாமாவுக்குப் பதவி உயர்ந்தது, பையன்கள் நன்றாகப் படித்தார்கள். எனக்குக் கடவுள் மேல் மெய்யாகவே கோபம் வந்தது. செய்தவள் வாசலை விட்டுவிட்டு, செய்யாதவள் வாசலில் போய் அந்தப் பாவம் குடியிருக்கிறதே, இது என்ன நியாயம் என்று யாரிடம் கேட்பது. பிரசங்கங்களில் சொல்கிற பதில்கள் எனக்கு இன்றைக்கும் பத்துவதில்லை.

ஒரு கோடையில் சபையார் எல்லாரும் வண்டி பிடித்துத் தாமிரபரணிக்குப் போனோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து மருத மரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். அத்தையும் பாட்டு டீச்சரும் படியில் உட்கார்ந்து காலை ஆற்றில் விட்டிருந்தார்கள். மீன்குஞ்சுகள் வந்து பாதத்தைக் கடிக்க, இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். மரத்து இலைகளின் நிழல் தண்ணீரில் நெளிந்தது, தண்ணீரின் வெளிச்சம் அவர்கள் முகத்தில் நெளிந்தது. அந்த ஒரு மத்தியானத்தில் யாரும் யாருக்கும் எதுவும் செய்திருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது. அத்தை பாத்திரம் அலம்ப எழுந்து போனதும் நான் பாட்டு டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஒங்களுக்கு அத்தை மேல கோவமே இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "கோவம் எப்பமோ போயிட்டுட்டி. அவளை மன்னிச்சாச்சு, அது மெய்தான். ஆனா சாயந்தரம் ஆனா வீட்டுக்குப் போகணும்லா. வெளக்கப் போடுதேன், உள்ள யாரும் இல்ல. அதுக்கு யாரை மன்னிக்க?" என்றார். அத்தை திரும்பி வருவதைப் பார்த்ததும், "பைய வா, படி வழுக்கும்" என்று கையை நீட்டினார்.

அத்தையை அடித்த இடி எது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கண்டுகொண்டேன். அது அந்தப் பாயின் ஓரத்திலேயே இருந்தது. அவள் பிறகு ஒருநாளும் அடுத்தவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாங்கள் கூடி யாரையாவது கழுவி ஊற்றும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பண்டிகைக்குப் பையன்களுக்குத் துணி எடுக்கும் முன் தோழிக்குச் சேலை எடுப்பாள். ஒவ்வொரு கலியாண ஓலைக்கும் விரல்கள் கோரையைப் பிய்க்கும். மன்னிப்புக் கிடைத்த பிறகும் செய்ய இவ்வளவு வேலை மிச்சம் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

இப்போது கோயிலில் பாய்கள் இல்லை. பெஞ்சுகள் வந்துவிட்டன. மாமா இறந்துபோனார், பையன்கள் வெளிநாட்டில். அத்தைக்கு நினைவு தப்பிவிட்டதால் என் வீட்டில் இருக்கிறாள். என்னைச் சில நாள் மகளே என்பாள், சில நாள் விடுதிக் காப்பாளராக நினைத்து எழுந்து நிற்பாள். பாட்டு டீச்சர் ஒருவரைத்தான் அவள் மறக்கவில்லை. அவர் ஞாயிறுதோறும் ஆட்டோவில் வந்து அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போவார். பெஞ்சு கடினமாக இருக்கிறது என்று உட்கார ஒரு சின்னப் பத்தமடைத் தடுக்கும் கொண்டுவருவார். போன மாதம் என் மகளுக்கு ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளைக்குக் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முதல் ஓலைக்கு அத்தை தூங்கிவிட்டாள். இரண்டாம் ஓலைக்கு, தடை என்ற சொல் காதில் விழுந்ததும் பாதி எழுந்தாள், டீச்சர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நினைவு தப்பியவள் எழுந்து எதையாவது சொல்லிவைத்தால் என் மகள் கதை என்ன ஆவது. அந்த ஒரு வாரம் மட்டும் வீட்டில் விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். அத்தை மேல் பாசம் இல்லாமல் இல்லை, ஆனால் பெற்ற பிள்ளைக்கு முன்னால் எந்தப் பாசமும் இரண்டாவதுதான்.

மூன்றாம் ஞாயிறு காலையில் பாட்டு டீச்சர் வாசலில் ஆட்டோவை நிறுத்தி இறங்கினார். நான் சங்கதியைச் சொன்னேன். அவர் தடுக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். "அன்னைக்கு அவ எந்திரிச்சுத் தடை சொன்னது எனக்குத்தான. நான் பயப்படல, நீ ஏன் பயப்படுத? சேலையைக் கட்டிவிடு. அவ இல்லாம நான் போய் அங்கன என்ன செய்ய?" என்றார். நான் உள்ளே போய் அத்தைக்குச் சேலையைக் கட்டிவிட்டேன்.

ஐயர் வாசித்தார். புதிதாக வந்த சின்ன வயசு ஐயர், பழைய கதை ஒன்றும் அறியாதவர். என் மகள் பெயரைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. பிறகு அந்த மௌனம் வந்தது. விசிறிகள் சுற்றின. நீல வெளிச்சம் அத்தையின் நரைத்த தலையில் கிடந்தது. அத்தை எழுந்து நின்றாள், இந்த முறை டீச்சர் தடுக்கவில்லை. "ஐயா, தடை ஒண்ணும் இல்ல" என்றாள் அத்தை, கணீரென்று. "அவளுக்கு வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு வெறும் வயித்துல மயங்கினா, அம்புட்டுத்தான். நல்ல பிள்ளை. நீங்க கலியாணத்த நடத்துங்க." சபை திரும்பிப் பார்த்தது. அத்தை குனிந்து பாட்டு டீச்சரின் தோளைத் தொட்டாள். "ஏட்டி, போய்ச் சேலையை மாத்து. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போயிரப் போறாங்க."

எனக்கு மகள் நினைப்பே போய்விட்டது. ஒரு வாரம் தாமதமாகச் சொன்னதை, இத்தனை வருஷம் நடந்து திரும்பிப்போய், சரியான நேரத்தில் சொல்லிவிட்டாள். பாட்டு டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போகலட்டி. இருக்காங்க. நீ உக்காரு" என்றார். அத்தை உட்கார்ந்தாள். என் சம்பந்தியம்மாள் திரும்பிப் பார்த்தபோது, "ஒண்ணும் இல்லம்மா. எங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு பழைய கத. ஒங்க பிள்ளைக்குப் பாத்த பொண்ணு தங்கம்" என்று டீச்சரே சொன்னார். அந்த அம்மாள் தலையசைத்து முன்னால் திரும்பிக்கொண்டார். ஐயர் அடுத்த அறிவிப்பை வாசித்தார்.

நான் பழைய வழக்கமாக அத்தையின் விரல்களைப் பார்த்தேன். அவை டீச்சரின் ஒரு கைக்குள் மல்லாந்து, தூங்குகிற குழந்தையின் கை மாதிரி சும்மா கிடந்தன. கோரை பிய்கிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. பாட்டு டீச்சர் ஐயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இன்னொரு கை தடுக்கின் ஓரத்தை ஒவ்வொரு நாராகப் பிய்த்துக்கொண்டிருந்தது.