பெயர் எழுதிய நீல உறை

அகதி விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து எனக்கொரு பழக்கம். எந்த உறை கைக்கு வந்தாலும் அதற்கு உரியவரின் பெயரை எழுதிவிடுவேன். பெயரில்லாத கடிதம் ஜெர்மன் அரசு அலுவலகங்களில், எங்கள் பேச்சில் கந்தோர்களில், தொலைந்துவிடும் என்பது என் பயம்.

அந்த ஆண்டு நகரசபைத் தேர்தல் வந்தது. கால் முறிந்து படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி ஃபிராவ் கெல்லர், தபால் வாக்கை நீல உறைக்குள் இட்டு ஒட்டித் தந்து, அதைச் சிவப்பு உறைக்குள் வைத்து நகரசபையில் கொடுக்கச் சொன்னார். நீல உறையின் மேல் எதுவும் எழுதியிராததால் அவருடைய பெயரை எழுதி, பெருமையோடு காட்டினேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "யாருடைய வாக்கென்று தெரிந்தால் அது செல்லாது! புதிதாக வாங்க வேண்டும்."

என் கணவர் பயந்துபோனார். "இவையின்ரை தேர்தல் எங்களுக்கேன்? எங்கடை கேஸ் பழுதாப்போகும். பேசாமல் இரும்."

"பயமெண்டால் நீங்கள் நில்லுங்கோ. பிழை விட்டது நான், நான் போறன்."

ஃபிராவ் கெல்லர் எழுதித்தந்த அதிகாரக் கடிதத்தோடும் பழுதான உறையோடும் நகரசபைக்குப் போனேன். அதிகாரி என் அகதி அட்டையைத்தான் பார்த்தார்.

"உங்களுக்கு இங்கே வாக்குரிமை இல்லை."

"தெரியும். வாக்கு அவருடையது. நடந்து வந்தது மட்டும்தான் நான். வெளிநாட்டவரிடம் கொடுக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? காட்டுங்கள்."

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நான் அசையவில்லை. கடைசியில் புதிய வாக்குச்சீட்டையும் உறைகளையும் மேசையில் வைத்தார்.

என் பெயர் எழுதிக் கொடுத்த என் சொந்தக் கடிதங்களுக்காக அதுவரை நான் வாய் திறந்ததில்லை. அதன்பிறகு, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்காமல் எந்தக் கந்தோரிலிருந்தும் எழுந்து வந்ததில்லை.