செட்டு ஆவாதுங்க

நான் ஐந்தாவது வரை படித்தவன். கொத்தனார் வேலையில் செட் என்ற வார்த்தை இல்லாமல் நாள் நகராது. கான்கிரீட் செட் ஆனதா, பம்பு செட் ஓடுதா என்று நானே ஐம்பது தடவை கேட்பேன்.

போன தை மாதம் அணுபுரத்திலிருந்து வந்து என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் மாமல்லபுரத்தில் தளம் போடும் வேலை. கரண்டி கையில், கண் போனில். நாலு மணிக்குத் தரகர் கூப்பிட்டார்.

“அண்ணாத்த, பொண்ண புடிச்சிருக்காம். நிச்சயத்துக்கு செட்டு வைப்பீங்களான்னு கேக்கறாங்க. பையனோட அப்பாகிட்ட நீங்களே பேசிடுங்க.”

கலவை மெஷின் இரைச்சலில் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. கல்யாணப் பேச்சில் செட் என்றால் ஆரமும் கம்மலும் சேர்ந்த நகை செட்தான் என்று நினைத்தேன். நகை பேச்சே வேண்டாம் என்று வீட்டில் முன்பே முடிவு செய்திருந்தோம். மணல் குவியலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். புது மனிதர்களிடம் எனக்குப் பேச்சு வராது. கடைசியில் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, “சார், செட்டு ஆவாதுங்க” என்று ஒரே மூச்சில் சொன்னேன். “சரிங்க” என்று வைத்துவிட்டார்.

செங்கல்பட்டில் வீட்டுக்குள் நுழையும்போதே தரகர் மறுபடி கூப்பிட்டார்.

“இன்னா அண்ணாத்த, ஜோடி பொருந்தாதுன்னு மூஞ்சில அடிச்சாப்ல சொல்லிட்டீங்களாமே? அவங்க கேட்டது மைக் செட்டுய்யா! நீங்க வெக்கலன்னா பையனோட மாமா கொண்டாறாராம்!”

போனில் அவர் கத்தியது மகளுக்கும் கேட்டது. “எனக்கு அவரைப் புடிச்சிருந்துச்சு நைனா” என்றாள். அதை அவள் அதுவரை சொல்லவில்லை.

“ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்தான்மா?”

போனில் தேடினாள். “இது ஒண்ணு இல்ல, ரெண்டு வார்த்தையாம். ஒண்ணுக்கு பழைய இங்கிலீஷ்ல உக்கார வைக்கறதுன்னு அர்த்தம். கான்கிரீட் செட் ஆவறது அதுதான். இன்னொண்ணு லத்தீன்ல ஒருத்தர் பின்னாடி போற கூட்டம். பம்பு செட்டு, மைக் செட்டு எல்லாம் அது. வேற வேற ஊர்லேர்ந்து வந்து ஒண்ணா கலந்துடுச்சு.”

“நகை செட்டு?”

“அதுவும் கூட்டம்தான். நீ மொதல்ல அவங்ககிட்ட பேசு.”

போனில் மறுபடி பேசப் பயம். விடிந்ததும் அணுபுரத்துக்கு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை சொல்ல வேண்டியதை முணுமுணுத்தபடி இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

பையனின் அப்பா துண்டோடு வாசலுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“என் பொண்ணுக்கு உங்க பையனைப் புடிச்சிருக்கு. எங்களுக்குச் சம்மதம். நேத்து நான் சொன்னது நகையை நெனச்சு.”

என்னையே பார்த்தார். “இதை நேத்தே சொல்லியிருக்கலாமேங்க?”

“போன்ல வரலைங்க.”

அவர் கேட்டைத் திறந்தார்.