சற்றே களைத்த மேனுகா

சலியாமை அரிய குணம். நெடுந்தீவில் அதனை உடையவர் மேனுகா. விடியலில் நீரள்ளி, மாடு கறந்த பின்னரே இலண்டன் நிறுவனமொன்றுக்காகக் கணினியில் கடிதங்கள் எழுதுவார். அயல்தீவான நயினையின் அம்மன் தேருக்குக் கற்பூரச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தார். அதற்கு விடுப்பு வேண்டும்; நிறுவனமோ களைத்தவர்க்கே ஓய்வு தரும். “சற்றே களைப்பு” என்று உண்மையை ஆங்கிலத்தில் எழுதினார்; கிடைக்கவில்லை. அங்குள்ள மேலாளரோ மதிய உணவைத் தெரிவுசெய்ததற்கே “முற்றும் ஓய்ந்துபோனேன்” என்று எழுதுபவர்.

“அவையின்ரை சொல்லையே எழுதும், பிள்ளை,” என்றார் அயல்வீட்டுச் சறோஜினிதேவி.

“பொய் எழுத ஏலாது, அக்கா.”

“பொய்யே? அங்கை படியேறினாலே அப்பிடித்தான் சொல்லுவினம்!”

மேனுகா அவ்வாறே எழுதினார். மூன்று நாள் ஓய்வும் “படுத்தே இரும்” என்ற கட்டளையும் உடனே வந்தன. மேனுகா வெறுங்காலுடன் கனலேந்தி மும்முறை வீதிவலம் வந்தார். அம்பாள் அருளால் அவர் இல்லம் நோயின்றி மங்கலம் பெருகி வாழ்க!