ரேடியேட்டரில் கோழி இறகு

பட்டறையில் அவருக்கு வக்கீல் என்று பெயர். தொழில் என்னவோ கார் மெக்கானிக்தான். ஆனால் வண்டிக்காரர் சொல்வதை ஒரு நாளும் அப்படியே நம்ப மாட்டார். குறுக்கு விசாரணை முடிந்த பிறகுதான் பானட்டைத் திறப்பார். வீட்டிலும் அதே கதை. கதவைப் பூட்டியாயிற்று என்று மனைவி சொன்னாலும், எழுந்துபோய் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் படுக்க மாட்டார்.

அப்படிப்பட்டவரிடம் சொந்த மாப்பிள்ளையே வந்து மாட்டிக்கொண்டார். வழியில் நின்றுபோன காரை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"இன்ஜின் சூடாகுது மாமா. ஊசி சிவப்புக்குப் போயிடுது."

"எங்கெல்லாம் போறீங்க?"

"ஆபீசுக்கும் வீட்டுக்கும்தான். வேற எங்க போகப் போறேன்?"

அந்த 'வேற எங்க' வக்கீலுக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீர் குறையவில்லை. ஹோஸில் கசிவில்லை. விசிறி ஒழுங்காகச் சுற்றியது. சூடானதும் திறந்து தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிநீரில் போட்டார். அதுவும் சமர்த்தாகத் திறந்தது. கடைசியில் பம்பரைக் கழற்றி, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்தார். வெளியே தெரியாத அந்தச் சந்து முழுக்கத் தலையணைக்குள் திணித்த மாதிரி கோழி இறகு! காற்று புக வழியே இல்லை. கொதிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் ஆபீசில் ஏது கோழி? வண்டியை நகர்த்தலாம் என்று ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை அவ்வளவு முன்னால் இழுத்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையோ நெட்டை. இதில் உட்காருவது யாரோ குள்ளமான ஒரு பெண். மகள் வாழ்க்கை அவ்வளவுதான்.

மகளைப் போனில் உடனே வரச் சொன்னார். அவள் வரும்வரை பொறுக்க முடியாமல் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"கோழிப் பண்ணையில எவ இருக்கா? சொல்லுங்க!"

மாப்பிள்ளை வாசல் பக்கம் பார்த்தார்.

"அவர விடுங்கப்பா," வாசலில் மகளின் குரல். "பண்ணைக்குப் போறது நான்தான்."

பண்ணை பண்ணையாகப் போய் முட்டை எடுத்துக் கடைகளுக்குப் போடுகிறாளாம். ஷெட்டிலிருந்து இறகை வெளியே தள்ளும் பெரிய விசிறிகளுக்கு எதிரே, இன்ஜினைக்கூட அணைக்காமல் நிறுத்தி ஏற்றுவாளாம்.

"நீ வண்டி ஓட்டுறியா?"

"அவருதான் கத்துக்கொடுத்தாரு."

ஊர்ப் பையன்களுக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த வக்கீல், இவள் கேட்டபோது மட்டும் 'உனக்கெதுக்கு' என்று வாயை அடைத்திருந்தார். இப்போது அது சுருக்கென்று குத்தியது. சட்டையை விட்டார்.

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"தெரிஞ்சா சாவியப் பிடுங்கி வச்சுக்குவீங்கன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்."

அப்படியெல்லாம் செய்ய மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கை, பையிலிருந்த கார் சாவியை இறுகப் பிடித்திருந்தது.