மேற்குச் சுவருக்கு ஓர் அனுமதிக் கடிதம்

திருவெறும்பூரில் எங்கள் தெருவுக்கு வரும் பார்சல்காரர்களிடம் கதவு எண் சொல்ல வேண்டியதில்லை. "பூசாத வீடு" என்றால் போதும், வந்துவிடுவார்கள். உள்ளே வெள்ளையடித்து, மாதா படத்துக்குச் சின்ன விளக்குப் போட்டு, தரை துடைத்து வைத்தபடி இருக்கும். வெளியே நான்கு பக்கமும் வெறும் செங்கல். பதினாறு வருடமாக அப்படித்தான்.

வீட்டுக்காரர் லூர்துராணி. வயது ஐம்பத்தேழு. திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் உதவியாளர் வேலை. தினமும் ஏழு மணி பஸ்ஸில் போய் ஆறு மணி பஸ்ஸில் திரும்புவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பல வருடம் பார்த்துக்கொண்டார். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் மாடியில் இருக்கும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். ஆன்ட்டி என்று கூப்பிடுவேன்.

போன நவம்பர் மழையில் அவர் படுக்கும் அறையின் மேற்குச் சுவர் முழுவதும் ஓதம் ஏறிவிட்டது. தலையணை உறையில் பூஞ்சை பூத்தது. கட்டிலை இழுத்துக் கூடத்தின் நடுவில் போட்டுக்கொண்டார். ஒருநாள் வாடகை கொடுக்கப் போனபோது அந்தக் கட்டிலைக் காட்டி, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இல்ல? பாக்க வர்றதுக்குத்தான் ஆளு இல்ல" என்றார். சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். அடுத்த வாரம் அவரே மாடிக்கு ஏறி வந்தார்.

"வேணி, நீ சிவில்தானே படிச்சே? வெளிப்பூச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடு. பொங்கல் கழிச்சு வேலைய ஆரம்பிச்சிரலாம்."

துறையூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இன்ஜினியர் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். இங்கே ஒரு காண்ட்ராக்டர் ஆபீஸில் யாரோ அளந்த அளவுகளை கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டுக்கு நானே திட்டம் போடுவது அதுதான் முதல் தடவை. டேப்பை எடுத்துக்கொண்டு முன்பக்கம், பின்பக்கம், கிழக்குப் பக்கம் மூன்றையும் அளந்தேன். மேற்குப் பக்கம் போகவில்லை. கிழக்குச் சுவரின் அளவுதானே அதற்கும் என்று அப்படியே எழுதினேன். எத்தனை சதுர அடி, எத்தனை மூட்டை சிமென்ட், எவ்வளவு மணல், எத்தனை நாள் எல்லாம் கட்டம் போட்டுப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். ஆன்ட்டி அதை லேபிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்.

கொத்தனார் அம்மாசி அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"இன்ஜினியரம்மா, கணக்கெல்லாம் சுத்தமா இருக்கு. மேக்கால செவுத்த எங்க நின்னு பூசுறது? மேகத்துலயா?"

அப்போதுதான் போய்ப் பார்த்தேன். மேற்குச் சுவர் சரியாக எல்லைக் கோட்டின் மேல் நிற்கிறது. அதற்கு அப்பால் அடுத்தவர் மனை. அந்த மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பில்லர் குழிகளுக்கு முளை அடித்திருந்தார்கள்.

"அங்க சாரம் கட்டித்தான் ஆகணும். பத்துப் பன்னெண்டு நாளு வேணும்" என்றார் அம்மாசி. "அவங்க வீடு எழும்பிருச்சுன்னா நாலு விரக்கடைதான் சந்து. அப்பறம் கைய விட்டுக்கூடப் பூச முடியாது. மழைத்தண்ணி உள்ள எறங்கிட்டே இருக்கும். அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்கக்கா. என்னிக்குக் கல்லு வெக்கிறாங்களாம்?"

"இருபத்தஞ்சாந் தேதி" என்றார் ஆன்ட்டி. "மத்த மூணு பக்கமும் பூசிருங்க. அது கெடக்கட்டும்."

"தெருவுல போறவன் பாக்க மூணு பக்கம் பூசிட்டு, நீங்க படுக்குற பக்கத்த விட்டுட்டாக்க எதுக்குக்கா பூச்சு?"

ஆன்ட்டி டீ போட உள்ளே போய்விட்டார். மனை யாருடையது என்று அம்மாசி என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆன்ட்டியே சொன்னார். மனை அவருடைய தம்பி ரெஜிஸுடையது. தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா வாங்கிப் போட்ட இடத்தை இரண்டாக்கி ஆளுக்குப் பதினெட்டு அடி அகலம் கொடுத்தார். ஆன்ட்டி கட்ட ஆரம்பித்தபோது தம்பி வந்து, எல்லையிலிருந்து இரண்டடி விட்டுக் கட்டச் சொன்னார்.

"பதினெட்டுல ரெண்ட விட்டா நானும் அம்மாவும் கட்டில எங்க போடுறதுன்னு கேட்டேன். அவன் கொத்தனாரு, சித்தாளு எல்லாரும் நிக்கும்போது சொன்னான், ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்புட்டு வீடுன்னு." சொல்லும்போது அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "அப்ப பேச்சு நின்னது. அம்மா அடக்கத்துக்கு வந்தான். கல்லறையில அந்தப் பக்கம் நின்னான், இந்தப் பக்கம் நான் நின்னேன்."

போய்க் கேட்டுவிடலாமே என்றேன். "என்னன்னு போயி நிக்கிறது? கோட்டு மேல கட்டுனவ, இப்ப ஒன் எடத்துல நின்னு பூசணும்னா?" என்றார்.

பேச முடியாத இடத்தில் மனு எழுதலாம் என்பது நான் படிப்பில் கற்றுக்கொண்டது. உதவித்தொகைக்கு, ஹாஸ்டலுக்கு, சான்றிதழுக்கு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். அன்றைக்கே ஒன்று எழுதிக் காட்டினேன். ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"உயர்திரு ரெஜிஸ் அவர்களுக்கு. பொருள், சாரம் கட்ட அனுமதி வேண்டுதல் தொடர்பாக." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவனுக்கு மூக்கு சிந்தி விட்டிருக்கேன்டி நானு. உயர்திருவா?"

அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். ஆனால் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. உயர்திருவை அடித்துவிட்டுத் தன் கையெழுத்தில் மறுபடி எழுதினார். தொடர்புக்கு என்ற இடத்தில் மட்டும் தன் நம்பரை எழுதவில்லை. என் நம்பரைக் கேட்டு எழுதினார்.

ரெஜிஸ் ஸ்ரீரங்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். சனிக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் இறங்கினேன். கடையில் நல்ல கூட்டம். என் முறை வந்ததும் கவரை நீட்டினேன். மேலே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிரிக்கவில்லை. கல்லாப்பெட்டியின் மேல் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நீங்க யாருங்க?"

"அவங்க வீட்டு மாடியில குடியிருக்கேங்க."

"மாடி எப்ப எடுத்தாங்க?"

"தெரியலைங்க. நான் வந்து ஆறு மாசந்தான் ஆவுது."

பின்னால் யாரோ மாத்திரைப் பெயர் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் என்னிடம் வந்தார். "சுகர் இருக்கா அவங்களுக்கு? எங்க அம்மாவுக்கு இருந்துச்சு."

அதுவும் தெரியவில்லை. ஆறு மாதமாக அதே படியில் ஏறி இறங்குகிறேன். திரும்பி வந்து ஆன்ட்டியிடம் இதைச் சொன்னபோது, "இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே. மூணு வருஷமா மாத்திரை போடுறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் எளைச்சிருக்கானா?" என்று கேட்டார். முன்னே எப்படி இருந்தார் என்று தெரியாத நான் என்ன சொல்வது?

நான்கு நாள் எந்தத் தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது. ரெஜிஸின் மனைவி பெலிண்டா.

"வேணிங்களா? ஏங்க, எங்க நாத்தனாரு போன வித்துட்டாங்களா, ஒங்க நம்பரக் குடுத்திருக்காங்க?" பதிலுக்குக் காத்திருக்காமல் தொடர்ந்தார். "அவரு அந்த லெட்டரப் படிச்சுட்டு ரெண்டு நாளா சாப்பாட்டுக்கு ஒக்காந்தா வாயத் தொறக்கல. நேத்து ஃபாதர்கிட்டப் போயி தேதிய மாத்திட்டு வந்திருக்காரு. அஸ்திவாரக் கல்லு மந்திரிப்பு இப்ப பிப்ரவரி எட்டாந் தேதி. அதுக்குள்ள பூசிக்கச் சொல்லுங்க. முளையப் புடுங்கிராம மட்டும் பாத்துக்கங்க."

இதை வரி விடாமல் ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "எட்டாந் தேதின்னு சொன்னாளா?"

"ஆமாங்க ஆன்ட்டி."

"வேற எதுவும்?"

"முளையப் புடுங்க வேணாம்னாங்க."

"வேற?"

கேட்டது எதற்கென்று எனக்குப் புரிந்தது. பெலிண்டா சொல்லாததை நானாகச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை.

வேலை மேற்கிலிருந்து தொடங்கியது. அம்மாசி கான்கிரீட் பில்லரும் செங்கலும் சேரும் இடத்தில் எல்லாம் விரிசல் விடாமலிருக்கக் கோழி வலை என்கிற கம்பி வலையை அடித்து, சுவரை நனைத்து, இரண்டு தடவையாகப் பூசினார். பூச்சு முடிந்தபின் ஏழு நாள் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். அதற்குச் சித்தாள் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆன்ட்டி லீவு போட்டுவிட்டார். தம்பியின் மனையில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, தண்ணீர் அடிக்கும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, முளைகள் மேல் கால் படாமல் மேலிருந்து கீழே நனைப்பார். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்ப்பார். ஏழு நாளும் அந்த வழியாக ஸ்ரீரங்கத்து வண்டி எதுவும் வரவில்லை.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆன்ட்டி முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து புடவையை மாற்றவில்லை. காப்பி டிகாஷன் நிறையப் போட்டு வைத்திருந்தார். ஒன்பது மணிக்குப் பக்கத்து மனைக்குக் கார் வந்தது, ஃபாதர் வந்தார், நாற்காலி போட்டார்கள். யாரும் எங்கள் கேட்டைத் தட்டவில்லை. ஆன்ட்டி அறைக்குள் போய் மேற்குச் சுவர் ஓரமாக நின்று கேட்க முயன்றார். பூசிய சுவர் வழியாக ஜெபம் முணுமுணுப்பாகத்தான் வந்தது. முன்பெல்லாம் அந்தப் பக்கம் ஆடு கத்தினாலும் உள்ளே கேட்குமாம்.

அன்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேதி நெருங்க நெருங்க, வேறு வழியில்லாமல் ஆன்ட்டி அந்த மருந்துக்கடை வாசலில் போய் நின்றிருப்பாரா? பத்து வார்த்தையாவது பேசியிருப்பார்களா? அவர்கள் இருவருக்கும் பேசியே தீர வேண்டிய காரணம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை மனுவாக்கி, என் போன் நம்பரையும் கொடுத்து, நடுவில் நின்று முடித்துவைத்தேன். போயிருக்கமாட்டார், சுவர் ஈரமாகவே நின்றிருக்கும் என்றும் தோன்றுகிறது. இரண்டில் எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மார்ச் கடைசியில் ரெஜிஸின் சுவர் எழும்ப ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் ஆன்ட்டியும் நானும் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தோம். நான் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன், கீழே தம்பி நின்றிருந்தார். அவருடைய செங்கல் வரிசை இடுப்பளவு வந்திருந்தது. அதற்கு மேல் எங்கள் சுவர் இன்னும் தெரிந்தது. அவர் வரிசையைத் தாண்டிக் கையை நீட்டி, உள்ளங்கையால் பூச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் கொத்தனாரிடம், தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாக, "பூச்சு நல்லா வந்திருக்கு. அழுத்தமா போட்டிருக்காங்க" என்றார்.

மேலே பார்க்கவில்லை. ஆன்ட்டியும் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போகவில்லை. கையில் இருந்த துண்டை மடித்து, மறுபடியும் பிரித்து மடித்தார். கொத்தனார் ஏதோ கேட்க, தம்பி பதில் சொல்லிக்கொண்டே தெருப்பக்கம் போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"குரல் தடிச்சுப்போச்சு அவனுக்கு" என்றார் ஆன்ட்டி. "சின்ன வயசுல கோயில் பாட்டுல அவன் குரல் மட்டும் கீச்சுன்னு தனியாக் கேக்கும்."

அவர் துணிகளை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. கூடத்திலிருந்து அறைக்கு, மேற்குச் சுவரை ஒட்டி, தனியாகவே இழுத்துக்கொண்டிருந்தார். உதவிக்கு இறங்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.