நடுவில் பிளந்த கீபோர்ட்

முதன்முதலில் அதைப் பார்த்தபோது யாரோ போட்டு உடைத்த கீபோர்ட் என்றுதான் நினைத்தேன். நடுவால் இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு பாதிகளும் மேசையில் ஒரு சாண் இடைவெளி விட்டு, படுத்துக் கிடக்காமல் நிமிர்ந்து நின்றன. என்னோடு வேலை செய்த அன்ரி கும்பிடப் போகிறவர் மாதிரி இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்திருக்க, அந்தப் பாதிகளின் வெளிப்பக்கங்களில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார். விசைகள் வெளிப்பக்கம் இருந்ததால் எழுத்துகள் அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இலக்கங்கள் இருந்த விசைகளில் மட்டும், விரலுக்குத் தட்டுப்படச் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தார். மவுஸ் இருக்கவேண்டிய இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் தோடம்பழம் அளவில் ஒரு பந்து கிண்ணத்துக்குள் கிடந்தது. கையை அசைக்காமல் அதைப் பெருவிரலால் உருட்டினால் திரையில் அம்புக்குறி ஓடும். மேசைக்குக் கீழே, தையல் மெஷினுக்கு இருப்பது போல, மிதிக்க ஒரு பெடல். ‘என்ரர்’ அழுத்தவேண்டிய இடமெல்லாம் அவருடைய இடது கால்தான் அழுத்தும்.

ஸ்காபரோவின் வடக்கு மூலையில் இருந்த அந்த அலுவலகத்தில் எங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். பிறம்ரன் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து புறப்படும் லொறிகளின் பத்திரங்களைப் பார்த்துக் கணினியில் அடிக்கவேண்டும். எத்தனை பெட்டி, என்ன நிறை, எங்கே போகிறது. காலையில் தொடங்கினால் மாலைவரை விரல் ஓயாது. எங்கள் வரிசையில் பதினான்கு பேர். தமிழர் இருவர்தான், அன்ரியும் நானும். மல்வேர்னிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அவருக்கு அறுபதை நெருங்கும் வயது, யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். கனடாவுக்கு வந்து பதினைந்து வருடங்கள் ஒரு தொழிற்சாலையில் கார்ச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கியவர். அங்கேதான் இரண்டு மணிக்கட்டும் பழுதாகின. மற்றவர்கள் வேலையை விட்டிருப்பார்கள். இவர் ஒரு நூலகத்தில் டைப்பிங் படித்து, வலிக்காமல் அடிக்க என்ன வழி என்று தேடித்தேடி, பழைய சாமான் விற்கும் இடங்களிலெல்லாம் ஏறி இறங்கி, அந்தக் கீபோர்ட்டையும் பந்தையும் பெடலையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவர். காலையில் தான் இழுத்துவரும் சில்லு வைத்த பையிலிருந்து அவற்றை எடுத்து வைத்து, சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் தொடங்குவார். எங்கள் வரிசையில் பிழையில்லாமல் அடிப்பதில் அவரை ஒருவரும் எட்டமுடியாது.

இதையெல்லாம் மரியாதையோடு எழுதுகிறேன், இல்லையா? அப்போது எனக்கு அந்த மரியாதை இருக்கவில்லை. எனக்கு அந்த நாட்களில் வாய் நீளம். சாப்பாட்டு அறையில் எல்லோரும் இருந்தபோது, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால், துருத்தி வாத்தியம் வாசிப்பது போல விரித்துச் சுருக்கி, ‘அக்கோடியன் அன்ரி’ என்று ஆடிக் காட்டியவள் நான்தான். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. ஒரு கிழமைக்குள் அது அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. தமிழே தெரியாதவர்கள்கூட அந்த ‘அன்ரி’யைச் சேர்த்தே சொன்னார்கள். மணிக்கட்டுக்குக் கீழே வைக்க அவர் பழைய சட்டைத் துணியில் அரிசி நிரப்பிய ஒரு குட்டித் தலையணை தைத்து வைத்திருந்தார். ஒரு கோடைகாலம் அதற்குள்ளிருந்து வண்டு புறப்பட்டு அடுத்த மேசைக்கு ஊர்ந்துபோனது. அன்று எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. வண்டு அவருடையது, வெட்கம் மட்டும் எனக்கு! அவர் ஒன்றும் நடக்காதது போல அரிசியைக் கொட்டிவிட்டு, அடுத்த நாள் பயறு நிரப்பிக்கொண்டு வந்தார்.

அவர் தமிழில் கேட்டால் நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். “பிள்ளை, சாப்பிட்டனீரோ? இடியப்பம் கிடக்கு” என்று மேசைத் தடுப்புக்கு மேலால் அவர் குரல் வந்தால் போதும், எனக்குக் காது சுடும். பஸ்ஸில் நல்ல பிள்ளை போலக் கதைத்துக்கொண்டு வருவேன். அலுவலகக் கதவு தாண்டியதும் நான் வேறு ஆள். அவரோடு சேர்த்து என்னையும் ஒரே கணக்கில் வைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. இப்போது எழுதும்போது சீ என்று இருக்கிறது.

பிறகு என்னை அந்த வரிசைக்கு சுப்பவைசர் ஆக்கினார்கள். அதே மாதம் அலுவலகம் மேல்மாடிக்கு மாறியது. புது மாடியில் ஒருவருக்கும் சொந்த மேசை கிடையாது. காலையில் எது வெறுமையோ அதில் இருக்கவேண்டும். எல்லா மேசையிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கீபோர்ட், ஒரே மாதிரி மவுஸ். வெளியிலிருந்து ஒரு சாமானும் கொண்டுவந்து கணினியில் செருகக்கூடாது. உடம்புக்கு ஏதாவது கஷ்டம் இருப்பவர்கள் மட்டும் சொல்லலாம், டொக்டரின் கடிதம் தந்தால் அலுவலகமே வாங்கித் தரும் என்று அறிவித்தார்கள். நியாயமான ஏற்பாடுதான். யாரையும் வெளியேற்ற அவர்கள் நினைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கதையில் குற்றத்தைத் தூக்கிப் போட எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

எச்.ஆர். பெண் நல்லவள். மாடி மாறமுன்பே அன்ரியின் மேசையை அவளே கவனித்து, அவளே அழைத்தாள். அன்ரி ஆங்கிலம் அதிகம் பேசாதவர் என்பதால் மொழிக்கு உதவியாக என்னையும் கூப்பிட்டாள். ஒரு சின்ன அறை, மூன்று கதிரை. “உங்களுடைய அந்தக் கீபோர்ட் போலவே ஒன்று வாங்கித் தருகிறோம். உங்களுக்கு அது தேவையா?” என்று அவள் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் சொன்னேன். அன்ரி சிரித்தபடி, “ஐயோ வேண்டாம் பிள்ளை, அவைக்கு ஏன் என்னால வீண் கரைச்சல்?” என்றார்.

எங்களுடைய ஆட்களில் யாருக்கு இது விளங்காது? வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களோ என்று கேட்டால் முதலில் வருவது ‘வேண்டாம்’தான். அது மறுப்பு அல்ல, மரியாதை. கேட்டவர் திரும்பவும் கேட்கவேண்டும். இரண்டாம் தரம், சில வீடுகளில் மூன்றாம் தரம். கேட்டவுடனே ‘ஓம், தாருங்கோ’ என்று கையை நீட்டுபவரைப் பற்றி அவர் போனபிறகு கதைப்பார்கள். நான் அந்த வழக்கத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். அன்ரி சொன்ன ‘வேண்டாம்’ எந்த வேண்டாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லிவிட்டு அவர் என்னைத்தான் பார்த்தார். மடியில் வைத்திருந்த வலது மணிக்கட்டை இடது பெருவிரல் அமத்திக்கொண்டிருந்தது. “சும்மா இருங்கோ அன்ரி, கை ஏலாமல் என்னெண்டு அடிப்பியள்?” என்று நான் ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும். அதற்குத்தான் அவர் காத்திருந்தார்.

“என்ன சொல்கிறார்?” என்று எச்.ஆர். பெண் கேட்டாள்.

“தேவையில்லையாம். சாதாரண கீபோர்டே போதுமாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

முதல் வசனத்துக்காவது ஒரு சாட்டுச் சொல்லலாம், அவர் சொன்னதைத்தானே சொன்னேன் என்று. இரண்டாவது வசனம் முழுக்க என்னுடையது. அன்ரி அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் புது மாடியைப் பார்க்க வரவிருந்தார்கள். என் வரிசை ஒரே வெள்ளையாக, துப்புரவாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு நடுவில் நிமிர்ந்து நிற்கும் கீபோர்ட்டும், பந்தும், பயற்று மூட்டையும் வேண்டாம். இவ்வளவுதான் காரணம். எச்.ஆர். பெண் படிவத்தில் ‘தேவையில்லை’ என்ற இடத்தில் ஒரு புள்ளடி போட்டாள். அன்ரி ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டு, “சரி பிள்ளை” என்று எழும்பினார்.

வந்தவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், நன்று என்றார்கள். என் வரிசையில் அன்ரி தட்டையான வெள்ளைக் கீபோர்ட்டின் மேல் குனிந்து, முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். இரண்டாம் மாதம் விரல் வீங்கி மோதிரத்தைக் கழற்றிவிட்டார். ஒருநாள் கீழே விழுந்த பேனையை எடுக்கக் குனிந்தபோது அவருடைய இடது கால் என் கண்ணில் பட்டது. பெடல் இல்லாத வெறும் கம்பளத்தை அது மிதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பத்திரம் முடியும்போதும் ஒரு மிதி. நான் பேனையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அப்போதாவது போய் அந்தப் பெண்ணிடம் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதே மாடிதான், இருபது அடி தூரம்.

வேகம் குறைந்தவர்களின் பட்டியல் கிழமைதோறும் என்னிடம் வரும். அதில் அன்ரியின் பெயருக்கு எதிரே மூன்று தரம் நான் கையெழுத்துப் போட்டேன். நாலாவது தரத்துக்கு அவர் இடம் வைக்கவில்லை, தானே விலகிவிட்டார். கடைசி நாள் சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து, “போட்டு வாறன் பிள்ளை. உம்மட உடம்பைப் பாரும், கையைக் கவனியும்” என்றார். நான் திரையைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. சென்ற பங்குனியில் என் வலது பெருவிரல் மடிய மறுத்தது. போத்தல் மூடி திறக்க முடியவில்லை, கதவுத் திறப்பைத் திருப்ப முடியவில்லை. டொக்டர் கடிதம் தந்தார். அலுவலகத்தில் இப்போது வேறொரு எச்.ஆர். பெண். கீபோர்ட் தேவையா என்று அவள் வாயெடுக்கமுன் நான் ‘ஓம்’ என்றேன். எந்த மாதிரி வேண்டும், சொல்லுங்கள், வாங்கலாம் என்றாள். எந்த மாதிரி நல்லது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒரே ஆளின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நான் போனது கீபோர்ட் விசாரிக்க.

அன்ரி இப்போது பிக்கரிங்கில் மகளோடு இருக்கிறார். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு அப்படி மகிழ்ந்தார். குசினி மேசையில் இருந்து கதைத்தோம். தேத்தண்ணிக் கோப்பையை அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்கினார். விரல்கள் கோப்பையைப் பிடிக்கவில்லை, விறைத்து ஒதுங்கி நின்றன. சத்திரசிகிச்சை இரண்டு தரம் செய்தும் சரிவரவில்லையாம். சட்டைப் பொத்தான் பூட்டுவது மகள்தானாம். இதையெல்லாம் அவர் வானிலை சொல்வது போலச் சொன்னார். என் கை விஷயத்தைச் சொன்னதும், “அட கடவுளே, உமக்குமோ!” என்று பதறி, மகளிடம் சொல்லிக் கீழறையிலிருந்து அந்தப் பையைக் கொண்டுவரச் செய்து, நிமிர்ந்த பாதிகளை மேசையில் வைத்து, எவ்வளவு உயரத்தில் வைக்கவேண்டும், தோளை எப்படித் தளரவிடவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். தன் விறைத்த விரல்களால் என் முழங்கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார்.

அப்போதுதான், என் முகத்தைப் பாராமல், அதைச் சொன்னார். “அண்டைக்கு அந்தப் பிள்ளை கேட்டதும் எனக்கு விளங்கினது, நீர் சொன்னதும் விளங்கினது. நாள் முழுக்க இங்கிலிஸ் அடிக்கிற எனக்கு அது விளங்காதே? திருப்பிப் பேசத்தான் வாய் வராது. இல்லை, எனக்கு வேணும் எண்டு சொல்லியிருக்கலாம். சொன்னால் நீர் பொய் சொன்னனீர் எண்டெல்லோ வந்திடும். புதுசா சுப்பவைசரா வந்த பிள்ளை, ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால உம்மைக் குறைக்க மனம் வரேல்லை.”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. எதிரே நான் இருந்தேன், அவருடைய கை என் கையில் இருந்தது. வாய் திறந்தேன்.

“எதைச் சொல்றியள் அன்ரி? எனக்கு ஞாபகமில்லையே” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஓம், கன காலந்தானே” என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டார்.

அலுவலகம் வாங்கித் தந்த கீபோர்ட் வந்துவிட்டது. நடுவில் பிளந்தது, நிமிர்ந்து நிற்பது, புத்தம் புதியது. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்து நல்லாயிருக்கிறது என்றார்கள். இதையும் அதில்தான் அடிக்கிறேன். கை வலிக்கவில்லை. அன்ரி பேப்பர், புத்தகம் எது கிடைத்தாலும் வாசிப்பவர். பக்கத்தைப் புரட்டிக் கொடுக்க மகள் இருக்கிறார். இது அவர் கண்ணில் பட்டால் ஒன்று தெரியட்டும். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது அன்ரி. இரண்டு தரமும் பொய் சொன்னேன்.